புறவாசல் ஜக்கூசி ஒழுகுகிறதா? உடைப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாயிலிருந்து இரண்டு வயல் தள்ளி 2014ல் வீடு கட்டியபோது, புறவாசலில் 24 அடிக்கு 12 அடியில் ஒரு நீச்சல் குளமும், அதன் தலைமாட்டில் குளத்தைவிட ஓர் அடி உயரமாக 7 அடிக்கு 7 அடியில் ஒரு ஜக்கூசித் தொட்டியும் போட்டார். வெந்நீர், பக்கச் சுவரில் ஜெட், அடியில் காற்றுக் குமிழி எல்லாம் உண்டு. பிள்ளைகள் லீவுக்கு வந்த முதல் மூன்று வருடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் குளத்தில் மட்டும் இறங்கினார்கள், ஜக்கூசிப் பக்கம் யாரும் போகவில்லை. சும்மா கிடந்த தொட்டியில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்வது நான் என்பதால் ஆள் கூட்டி வந்து காட்டினேன். வந்தவர் ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, டைல்ஸ் முழுவதையும் உடைத்து வாட்டர்புரூஃபிங் செய்தால்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டார். கடைசியில் அது வால்வுக்குள் மாட்டியிருந்த விரல்நகம் அளவு சல்லி. அதற்கப்புறம் நிஜமான கசிவு ஒன்றும் இருந்தது, அது வேறு இடத்தில். இரண்டையும் கண்டுபிடித்து, கடைசியில் அந்தத் தொட்டியை என்ன செய்வது என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. எங்கே ஒழுகுகிறது, அடியில் என்ன மண், இது என்ன மாதம், இந்த மூன்றும் தெரியாமல் தொட்டியைக் காலி செய்யவும் கூடாது, உடைக்கவும் கூடாது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அறிகுறி வாரியாக எழுதுகிறேன், உங்கள் தொட்டிக்குப் பொருந்துவதைப் பாருங்கள்.

தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

மற்றது எதையும் பார்க்க வேண்டாம், முதலில் இது. தண்ணீரிலோ பக்கத்துக் கைப்பிடிக் கம்பியிலோ லேசாகச் சுர்ரென்று இருந்தால்கூட வீட்டு மெயின் போர்டில் மோட்டார், ஹீட்டர், லைட் மூன்றின் பிரேக்கரையும் இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை யாரும், நாய்கூட, கிட்டே போகக் கூடாது. வருடக்கணக்கில் ஓடாத ஹீட்டரின் காயிலில் (சூடாகும் சுருளில்) ஓட்டை விழுந்திருக்கலாம், லைட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அந்த லைனுக்கு மின்சாரம் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்டே ஆக வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. கீழே சொல்கிற சோதனைகளில் தண்ணீருக்குள் கை விடும் ஒவ்வொரு முறையும் பிரேக்கர் இறக்கியே இருக்கட்டும்.

குறைகிறது, ஆனால் கசிவா காற்றா என்று தெரியவில்லை

ஆனி ஆடியில் நம் பக்கம் அடிக்கிற மேல்காற்றில் மூடாத தொட்டி ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் தானாகவே வற்றும். அதைப் பார்த்துக் கசிவு என்று பயந்தவர்கள் உண்டு. நிஜமான கசிவைக் காற்றின் மேல் பழி போட்டு இரண்டு வருடம் விட்டவர்களும் உண்டு. வாளிச் சோதனை செய்தால் சந்தேகம் தீரும்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் கல்லைப் போட்டு ஜக்கூசியின் படியில் வையுங்கள். தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டமாக வருகிற மாதிரி நிரப்பி, இரண்டு பக்கமும் மார்க்கரால் கோடு போடுங்கள். வாளி விளிம்பு தண்ணீருக்கு மேல் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் அது காற்றை மறைத்து உள்ளே ஆவியாவது குறையும், அதனால் குட்டையான வாளியாகப் பாருங்கள். பம்ப்பை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது காற்றும் வெயிலும்தான். வெளியே கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. மறுநாள் பம்ப்பை ஓடவிட்டு இன்னொரு 24 மணி நேரம் பாருங்கள், இரண்டு நாள் கணக்கையும் எழுதி வையுங்கள், பின்னால் அதுதான் வழி காட்டும். மழை பெய்தால் கணக்கு கெட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

எங்கள் அளவுத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 45 லிட்டர், அதாவது மூன்று குடம். மோட்டார் போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தால் இது கண்ணில் படாது. தானாக நிரப்பும் மிதவை வால்வு வைத்திருந்தால் சோதனைக்கு முன் அதை மூடிவிடுங்கள்.

பம்ப் நின்றதும் இறங்குகிறது, குளத்து மட்டத்துக்கு வந்து நின்றுவிடுகிறது

எங்கள் வீட்டில் முதலில் வந்தது இதுதான். குளமும் ஜக்கூசியும் ஒரே மோட்டாரில் சேர்ந்து, ஜக்கூசி மேட்டில் இருந்து குளத்துக்குள் வழிகிற மாதிரி கட்டிய எல்லா வீட்டிலும் சீக்கிரமோ தாமதமாகவோ இது வரும். காலையில் பார்த்தால் ஜக்கூசி ஓர் அடி குறைந்திருக்கும், தொட்டி ஓட்டை என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு சொட்டுகூட மண்ணுக்குள் போகவில்லை. பம்ப் நின்றதும் மேட்டுத் தண்ணீர் வந்த குழாய் வழியாகவே பின்னோக்கிப் போய்க் குளத்தில் சேர்ந்துவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் ஜெட்டுக்குப் போகும் குழாயில் என்.ஆர்.வி. என்கிற ஒருவழி வால்வு வைக்கிறார்கள். அதன் தட்டு சரியாக மூடாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இதை உறுதி செய்யப் பணம் காசு வேண்டாம். மாலையில் குளத்திலும் ஜக்கூசியிலும் கோடு போட்டுவிட்டுக் காலையில் வந்து பாருங்கள். எங்கள் ஜக்கூசியில் ஓர் அடி குறைந்தபோது குளத்தில் 2 அங்குலம் ஏறியிருந்தது. குளத்தின் பரப்பு கிட்டத்தட்ட ஆறு மடங்கு என்பதால் கணக்கு அப்படியே ஒத்துப்போயிற்று. கூட்டி வந்த ஆள் இந்த இரண்டாவது கோட்டைப் பார்க்கவேயில்லை. டைல்ஸ் உடைக்கச் சொல்கிறவர்களிடம் குளம் ஏறுகிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாவிட்டால் அவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

அடுத்து, பம்ப்பை நிறுத்திவிட்டு ஜக்கூசிக்குப் போகும் வால்வைக் கையால் இறுக மூடி ஓர் இரவு விடுங்கள். தண்ணீர் நின்றால் என்.ஆர்.வி. தான் குற்றவாளி. நிற்காவிட்டால் இழுக்கும் பக்கம் இருக்கும் மூவழி வால்வு முழுதாக மூடவில்லை, உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்து ஜக்கூசித் தண்ணீரைக் குளத்துப் பக்கம் விடுகிறது என்று அர்த்தம்.

என்.ஆர்.வி.யைத் திறப்பது கஷ்டமில்லை. நல்ல வகையில் மேல் மூடியில் ஸ்க்ரூ இருக்கும், கழற்றினால் தட்டு கையோடு வரும். சல்லி, இலைக் காம்பு, பிள்ளைகளின் ஹேர்பின் என்று ஏதாவது ஒன்று மாட்டியிருக்கும், அல்லது ஸ்பிரிங் அறுந்திருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ராதாபுரம், திசையன்விளைப் பக்கமென்றால் தட்டின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்து மூடவிடாமல் செய்யும், அதை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்துவிடலாம். திரும்பப் போடும்போது அம்புக்குறி ஜக்கூசியைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ போட்டால் ரப்பர் உப்பிப்போய் ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகும். ஒட்டுப் போட்ட, மூடி இல்லாத வகையாக இருந்தால் குழாயை அறுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும், பிளம்பருக்கு அரை நாள் வேலை.

குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது

குளம் ஏறவில்லை, ஜக்கூசி மட்டும் குறைகிறது என்றால் கசிவு நிஜம். பம்ப்பை நிறுத்தி, நிரப்பாமல் விட்டு, தினமும் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். தண்ணீர் எந்த மட்டத்தில் வந்து நிற்கிறதோ அந்த மட்டத்தில்தான் ஓட்டை இருக்கிறது. வழியும் வாயிலுக்குச் சற்றுக் கீழே நின்றால் அந்த வாயில் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இணைப்பு. ஜெட் வரிசையில் நின்றால் ஜெட்டின் கேஸ்கட்டோ அதற்குப் பின்னால் உள்ள குழாயோ. லைட் மட்டத்தில் நின்றால் லைட்.

ஆனால் காலி தொட்டி ஆபத்து என்று கீழே சொல்லப்போகிறேன், அதனால் அடி வரை வற்றவிட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம், வெயில் காலத்தில் மட்டும் செய்யுங்கள்.

இடம் தெரிந்ததும் மைச் சோதனை. மெடிக்கலில் ஒரு 10 மில்லி சிரிஞ்சு வாங்கி ஊசியைக் கழற்றிவிட்டு, பேனா மையோ கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரோ நிரப்பிக்கொள்ளுங்கள். பம்ப் நின்று ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், தண்ணீர் அசையக் கூடாது. சந்தேகப்படும் இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி மெதுவாக ஒரு சொட்டு விடுங்கள். மை புகை மாதிரி அங்கேயே மிதந்தால் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஒரு நூல் மாதிரி நேராக உள்ளே இழுபட்டால் அதுதான் இடம். எனக்குப் பதினொரு ஜெட்டிலும் ஒன்றும் இழுக்கவில்லை. லைட்டின் வளையத்துக்கு மேல் ஓரத்தில் விட்டதும் சட்டென்று உள்ளே போனதைப் பார்த்தபோது, ஒரு வருடமாகத் தேடியது இதுதானா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

லைட்டில் ஒழுகுவது ரொம்பச் சாதாரணம். லைட்டுக்குப் பின்னால் ஒரு குழிவு இருக்கும், அதிலிருந்து ஒயர் போகிற குழாய் தரைக்கு மேலே உள்ள பெட்டிக்குப் போகும், அந்தக் குழாய் வாயை அடைக்காமலே விட்டிருப்பார்கள். பிரேக்கரை இறக்கிவிட்டு மேல் ஸ்க்ரூவைக் கழற்றினால், லைட் பின்னால் சுருட்டி வைத்த ஒயரோடு கரைக்கு வந்துவிடும். தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற எபாக்சி புட்டியை இரண்டு பாகமும் பிசைந்து, ஒயரைச் சுற்றிக் குழாய் வாயில் அழுத்தி அடைத்தால் போதும். எங்களுக்கு அதோடு நின்றது.

பம்ப் ஓடும்போதுதான் வேகமாகக் குறைகிறது

இரண்டு நாள் வாளிக் கணக்கை இப்போது எடுங்கள். ஓடும்போது அதிகமாகவும் நிற்கும்போது குறைவாகவும் இறங்கினால், பம்ப்புக்கு அப்புறம் தண்ணீரைத் தள்ளுகிற குழாயில் கசிவு. தரையில் எந்த இடம் எப்போதும் ஈரமாக இருக்கிறது, எங்கே மட்டும் புல் பச்சையாக நிற்கிறது என்று நடந்து பாருங்கள். தெரியாவிட்டால் ஜெட் வாய்களை எல்லாம் ரப்பர் அடைப்பான் போட்டு மூடிவிட்டு, பிளம்பர்கள் புது வீட்டுக் குழாய்க்குப் போடுகிற கைப்பம்ப்பால் அழுத்தம் கொடுத்து முள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். லைன் லைனாகப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். தோண்டுவது அதற்கப்புறம்.

பம்ப் கூடையில் குமிழி ஓடுகிறது, பம்ப் அடியில் ஈரம்

பம்ப்பில் குப்பை பிடிக்கிற கூடையின் கண்ணாடி மூடிக்குள் குமிழி நிற்காமல் ஓடினால் இழுக்கும் பக்கம் காற்று புகுகிறது, அதே ஓட்டை பம்ப் நின்றதும் தண்ணீரை வெளியே விடும். முதலில் மூடியின் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தைப் பாருங்கள், அப்புறம் குழாயைக் கழற்றி மாட்டுகிற யூனியன் இணைப்பை. சோப்பு நுரையை இணைப்பில் தடவினால் காற்று புகும் இடத்தில் நுரை உள்ளே இழுபடும். பம்ப்புக்கும் மோட்டாருக்கும் நடுவே சொட்டினால், மோட்டார் தண்டு வழியாகத் தண்ணீர் வராமல் தடுக்கிற மெக்கானிக்கல் சீல் போயிற்று. பல மாதம் ஓடாமல் கிடந்து திடீரென்று போட்டால் அது காய்ந்து கீறிக்கொள்ளும், மோட்டார் கடைக்குக் கொண்டுபோனால் மாற்றித் தருவார்கள். காற்றுக் குமிழிக்கான புளோயருக்குள் தண்ணீர் வந்திருந்தால் அதற்கும் தனியாக ஒரு ஒருவழி வால்வு உண்டு, அதைப் பாருங்கள்.

அடி வரை வற்றிவிடுகிறது

தொட்டி அடியில் இருக்கும் வடிகால் வாயான மெயின் டிரெயினோ, தரை விரிசலோ. மெயின் டிரெயினுக்கு அடியில் சில தொட்டிகளில் நிலத்தடி நீர் அழுத்தத்தை உள்ளே விடுகிற ஒரு சின்ன வால்வு வைத்திருப்பார்கள், அதில் மணல் மாட்டித் திறந்தபடி நின்றால் தொட்டித் தண்ணீர் மெதுவாக மண்ணுக்குள் போய்விடும். விரிசல் என்றால், முடி மாதிரி மெல்லிய கோடு பூச்சில் மட்டும் இருக்கிறதா, அல்லது தரையில் தொடங்கிச் சுவரில் ஏறுகிறதா என்று பாருங்கள். பூச்சு விரிசலை வெட்டி அடைக்கலாம். தரையும் சுவரும் சேர்ந்து பிளந்திருந்தால் தொட்டி உட்கார்ந்துவிட்டது, யாரும் இறங்காத தொட்டிக்கு அந்தச் செலவு வேண்டவே வேண்டாம்.

பக்கத்துத் தரை டொம்மென்கிறது, கல் அமுங்குகிறது

தண்ணீர் அடி மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. இன்றோடு நிரப்புவதை நிறுத்துங்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணாக இருந்தால் அரிப்பதைவிட உப்புவதுதான் பெரிய தொல்லை. ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் கை நுழைகிற அளவு வெடித்து, வீட்டுச் சுவர் வரை விரிசல் கொடுக்கும். கரிசலில் ஒழுகும் தொட்டியை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மழைக் காலத்தில் குறையவே இல்லை, ஏறுகிறது

இதைப் பார்த்துக் கசிவு தானாக அடைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அடையவில்லை. வெளியே நிலத்தடி நீர் தொட்டி மட்டத்துக்கு மேலே ஏறி, அதே ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. ஜூன் வாக்கில் கார் நெல்லுக்குத் தண்ணீர் திறந்தாலோ, ஐப்பசி கார்த்திகையில் மழையும் பிசான நெல்லுக்குத் திறக்கும் தண்ணீரும் சேர்ந்தாலோ, கால்வாய் ஓரத்து வீடுகளில் இரண்டடி தோண்டினாலே ஊறும். இந்த நேரத்தில் தொட்டியைக் காலி செய்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் அத்தான் வீட்டில் மண்ணுக்குள் இறக்கி வைத்த ஃபைபர் தொட்டி. ஒழுகுகிறது என்று கார்த்திகையில் காலி செய்து தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். 2023 டிசம்பர் 17, 18ல் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. வெள்ளம் வடிந்து பார்த்தால் தொட்டி ஒரு பக்கம் அரை அடி மேலே வந்து சாய்ந்து நிற்கிறது, அடியில் இருந்த குழாய் எல்லாம் முறிந்துபோயிற்று. கணக்குப் போட்டால் புரியும்: 3000 லிட்டர் பிடிக்கிற தொட்டியைச் சுற்றிலும் தண்ணீர் விளிம்பு வரை ஏறினால் 3 டன் மேல்நோக்கித் தள்ளும், ஃபைபர் தொட்டியின் சொந்த எடை சில நூறு கிலோதான். சிமெண்ட் தொட்டி அப்படி மிதக்காவிட்டாலும் தரை பிளக்கும். உள்ளே தண்ணீர் இருந்தால்தான் அது நிலைத்து நிற்கும்.

அதனால் காலி செய்யும் முன் கிணற்றில் எட்டிப் பாருங்கள். கிணற்று நீர்மட்டம் தொட்டியின் அடித்தளத்துக்கு நன்றாகக் கீழே போயிருக்க வேண்டும். கிணறு இல்லையென்றால் தொட்டி அடி ஆழத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கால்வாய் அடைத்திருக்கும் பங்குனி, சித்திரைதான் எங்கள் பக்கத்துக்குச் சரியான நேரம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, இனி என்ன செய்வது

அடைக்க முடியும் என்பதாலேயே அடைத்து வைத்திருக்க வேண்டும் என்று இல்லை. கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை நாள் யார் இறங்கினார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். நாங்கள் அம்மாவின் முட்டி வலிக்கு வெந்நீர் நன்றாக இருக்குமே என்று யோசித்தோம். ஆனால் ஈரக் காலோடு இரண்டடி விளிம்பைத் தாண்டி அம்மா ஏறி இறங்குவதை நினைத்தாலே பயமாக இருந்தது. மதினி போனில், பிள்ளைகளுக்குக் குளம் போதும், அத்தைக்கு வாளியில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

யாரும் இறங்காத தொட்டியைப் பாதித் தண்ணீரோடு விட்டு வைப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. கால் வைக்கும் குழியில் நாலு அங்குலம் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்த முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் காலி செய்தாலும் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஜெட் குழாய்களுக்குள் நிற்கும் தண்ணீரையும் மறக்கக் கூடாது. 2012ல் டெங்குவால் கடையநல்லூர் பட்ட பாட்டை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், அப்போது அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். இன்னொன்று, பிள்ளைகள். ஓர் அடித் தண்ணீர் ஒரு குழந்தைக்குப் போதும். தார்ப்பாய் போட்டு மூடினால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், அதன் மேல் ஏறுகிற குழந்தை தார்ப்பாயோடு உள்ளே போகும், வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது. முடிவெடுக்கும் வரை கம்பி கிரில் போட்டுப் பூட்டுங்கள்.

கசிவு குழாயில்தான், தொட்டிச் சுவர் நன்றாக இருக்கிறது என்றால் எல்லா வாயையும் நிரந்தரமாக அடைத்துவிட்டால் அது வெறும் தொட்டி, ஒழுகாது. அல்லி விட்டு, கொசுப்புழு தின்னும் கப்பி மீன் போட்டு, மேலே கிரில் வைத்து வளர்க்கலாம். வாரத்துக்கு ஒரு தரம் பார்க்க ஆள் இருந்தால் மட்டும்.

தொட்டியே போய்விட்டது என்றால் மண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். பாளையங்கோட்டை மேட்டுப் பக்கம், நாங்குநேரி, தென்காசி மாதிரி செம்மண், சரள் பூமி என்றால் அடியில் ஓட்டை போட்டு, கீழே கருங்கல், மேலே ஒன்றரை அங்குல ஜல்லி, அதற்கு மேல் மணல் நிரப்பி மொட்டைமாடித் தண்ணீரை அதில் விடுங்கள். 2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், பாதி வீடுகளில் பேருக்கு ஒரு குழிதான் இருக்கிறது, இவ்வளவு பெரிய குழி யாருக்குக் கிடைக்கும்? செப்டிக் டேங்குக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் பக்கத்தில் இருந்தால் மட்டும் வேண்டாம். கரிசலில் இதைச் செய்யவே கூடாது, தண்ணீர் இறங்காமல் நின்று மண்ணை உப்ப வைக்கும். அங்கே சரள் போட்டு இறுக்கி, மேல் தரையை வெளிப்பக்கம் சரிவாக விட்டு மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கால்வாய்ப் பாசன பூமியில் நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே இருப்பதால் சேகரிப்புக் குழி வீண், தூர்ப்பதுதான் வழி.

நாங்கள் தூர்த்தோம். சித்திரையில் கிணறு இறங்கியதும் எலக்ட்ரீஷியன் மெயின் போர்டிலிருந்தே ஜக்கூசி லைனைக் கழற்றினார், லைட் லைனும் போயிற்று. ஹீட்டரையும் புளோயரையும் எடுத்துப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்தோம். பிளம்பர் மோட்டார் அறையில் ஜக்கூசிக்குப் போகிற குழாய்களை அறுத்து எண்ட் கேப் ஒட்டினார். குளம் அதே மோட்டாரில் ஓடுவதால், எந்த வால்வு எதற்கு என்று பார்க்காமல் அறுத்திருந்தால் குளமும் நின்றிருக்கும். கொத்தனார் அண்ணாச்சி மேல் சுவரை ஓர் அடி இறக்க வேண்டும் என்றார், ஆனால் குளத்துப் பக்கச் சுவரைத் தொட வேண்டாம் என்று மூன்று பக்கம் மட்டும் இறக்கினோம். வழியும் வாயிலைச் செங்கல் வைத்து அடைத்தார். தரையில் அரை அடி அகலத்துக்கு ஆறு ஓட்டை. இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள், ஓட்டை இல்லாமல் தூர்த்தால் முதல் மழையிலேயே உள்ளே சேறாகிப் பல வருடம் காயாது. அப்புறம் கீழே உடைத்த டைல்ஸும் ஜல்லியும், மேலே சரள் மண், முக்கால் அடி முக்கால் அடியாகப் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இறுக்கினார்கள். ஒரேயடியாக லாரியில் கொட்டி மூடினால் ஒரு வருடத்தில் அரை அடி இறங்கும். கடைசி ஒன்றரை அடிக்கு வண்டல்.

இவ்வளவு இறுக்கியும் ஐப்பசி மழைக்கு மூன்று அங்குலம் இறங்கியது, இன்னும் ஒரு டிராக்டர் மண் வாங்கிப் போட்டோம். ஒரு மழைக்காலம் முழுக்க மேலே கல்லும் சிமெண்டும் போடாமல் விட்டிருந்ததால் அது சுலபமாக முடிந்தது. தென்னையோ வேம்போ வைக்கக் கூடாது, வேர் குளத்துச் சுவரைத் தேடி வரும். அம்மா பிச்சிப்பூவும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறார்கள். தூர்த்த தொட்டி எங்கே இருக்கிறது, அடைத்த குழாய் எந்த வழியாகப் போகிறது என்று அளவோடு வரைந்து, மோட்டார் அறைச் சுவரில் பெயிண்ட்டிலும் எழுதி, பத்திரக் கட்டோடு ஒரு பிரதி அண்ணனுக்கும் அனுப்பிவிட்டேன். நாளைக்கு அந்த இடத்தில் யாராவது அஸ்திவாரம் தோண்டினால் அது அவர்களுக்கு வேண்டும்.